முத்தம் கேட்ட பிள்ளை

பள்ளிக்கூட வாசல். காலை நேரம். தாய்மார் குனிந்து பிள்ளைகளைக் கொஞ்சி உள்ளே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குள் ஒரு தமிழ்ப் பெண்ணும் ஒரு சிறுமியும். பெண்ணுக்குத் திரும்பிப் போகிற அவசரம். சிறுமி சுற்றிலும் பார்க்கிறாள். மற்ற அம்மாக்கள் எல்லாரும் கொஞ்சுகிறார்கள், எனக்கும் ஒன்று தரவேண்டும் என்கிற மாதிரிக் கேட்கிறாள். கிடைக்கிறது, அரைமனதாக.

ஜாக் ஒதியார் இயக்கிய 'தீபன்' படத்தில் சில விநாடிகள்தான் இந்தக் காட்சி. கோயன் சகோதரர்கள் தலைமை தாங்கிய நடுவர் குழு 2015 மே மாதம் கான் விழாவில் தங்கப்பனை விருதை இந்தப் படத்துக்குக் கொடுத்தபோது, பரிஸில் தமிழ்க் கடைகள் இருக்கிற லாச்சப்பலில் காய்கறி வாங்கப் போன இடத்திலும் அதே கதைதான். புலிகள் இயக்கத்தைச் சரியாகக் காட்டியிருக்கிறானா, பிரான்சை இப்படிக் காட்டலாமா, கடைசியில் அந்தச் சண்டை தேவையா என்றெல்லாம் ஆட்கள் கதைத்தார்கள். முத்தம் கேட்ட பிள்ளையைப் பற்றி ஒருவரும் கதைத்து நான் கேட்கவில்லை. எனக்கோ முழுப்படமும் அந்த வாசலில்தான் நிற்கிறது.

அந்தப் பிள்ளை ஏன் கேட்கிறாள் என்று யோசித்துப் பாருங்கள். அவள் இளையாள். ஒன்பது வயது. பக்கத்தில் நிற்கிற யாழினி அவளுடைய அம்மா இல்லை. வீட்டில் இருக்கிற தீபன் அப்பாவும் இல்லை. இலங்கையில் போர் முடிகிற நாட்களில், செத்துப்போன ஒரு குடும்பத்தின் கடவுச்சீட்டில் மூன்று பேராக ஒட்டிக்கொண்டு கடல் கடந்தவர்கள் அவர்கள். ஆகவே முத்தம் கேட்பதற்கு ஒரு காரணம் பாதுகாப்பு: கொஞ்சாத தாயைப் பார்த்தால் ஊர் சந்தேகப்படும். வேவு பார்க்கப் போனவன் எதிரி முகாமின் நடையுடையைக் கவனிப்பது போல, இளையாள் பிரெஞ்சுத் தாய்மாரைக் கவனித்து அறிக்கை கொடுக்கிறாள். இன்னொரு காரணம், அவளுக்கு ஒரு முத்தம் வேண்டும். இரண்டில் எது முந்தியது என்று அவள் முகத்தில் தெரியாது. இயக்குநரும் நெருங்கிப் போய்க் காட்டித்தர முயலவில்லை. பிள்ளை கேட்டாள், பெண் குனிந்தாள், பிள்ளை உள்ளே போனாள். அவ்வளவுதான். அன்பைக் கேட்க வெட்கப்படுகிற ஒரு பிள்ளை அதை வேலையாக மாற்றிக் கேட்கிறது என்று எனக்குப் புரிய இரண்டாம் தரம் பார்க்கவேண்டியிருந்தது.

நான் இதை அப்பாவுடன் இருந்து பார்த்தேன். பரிஸ் புறநகரான கார்ஜ் லே கொனெஸில், டாம் பிளான்ஷ் பக்கத்து அடுக்குமாடியில், ஒரு ஞாயிறு பின்னேரம், வீட்டுத் தொலைக்காட்சியில். அப்பாவைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். 1994இல் அவர் கொழும்பால் வெளிக்கிட்டபோது எனக்கு இரண்டு வயது. அம்மாவும் நானும் 2000ஆம் ஆண்டு சார்ள்ஸ் து கோல் விமான நிலையத்தில் வந்து இறங்கியபோது எட்டு வயது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மனிதர் ரோஸ் நிறக் குளிர்ச்சட்டை ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியாக அனுப்பிய படத்தைப் பார்த்து அளவெடுத்து வாங்கியிருந்தார். படம் மூன்று வருடப் பழசு. சட்டைக் கை என் முழங்கைக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டது. அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அதனால் 'தீபன்' தொடக்கத்தில் வருகிற ஒரு காட்சியே எங்களிருவரையும் வாய்மூட வைத்துவிட்டது. அகதி முகாமுக்குள் யாழினி ஓடுகிறாள். கண்ணில் படுகிற பிள்ளைகளிடம் எல்லாம் உனக்கு அம்மா இருக்கிறாவா என்று விசாரிக்கிறாள். இருக்கிறா என்று சொன்னால் முகம் விழுந்து அடுத்த பிள்ளையிடம் போகிறாள். அம்மா இல்லாத பிள்ளை ஒன்று அவளுக்கு அவசரமாகத் தேவை. கடவுச்சீட்டில் ஒரு மகள் இருக்கிறாள், அந்த வயதுக்கு ஒரு பிள்ளை வேண்டும். பிள்ளையில்லாத பெண் பிள்ளைக்காகத் தவம் கிடக்கிற கதை நம்மிடம் ஆயிரம் உண்டு. இங்கே ஒரு பெண் பிள்ளையைத் தேடுவது சந்தையில் சாமான் தேடுவது போல இருக்கிறது, அப்படித் தேடுவதிலேயே அவள் உயிரும் தொங்குகிறது. அவளைக் குற்றம் சொல்ல வாய் வராது. கமராவும் அவளோடு சேர்ந்து ஓடுகிறது. அவளுடைய மூச்சுத்தான் அந்தக் காட்சியின் இசை.

பெயர்களையும் கவனியுங்கள். தீபனின் உண்மைப் பெயர் சிவதாசன். பிரான்சில் யார் அவனைக் கூப்பிட்டாலும் செத்தவன் ஒருவனைத்தான் கூப்பிடுகிறார்கள். யாழினி, இளையாள் என்பவையும் கடவுச்சீட்டோடு வந்த பெயர்கள்தான். ஒரு வீட்டில் மூன்று பேர் ஒருவரையொருவர் இறந்தவர்களின் பெயரால் அழைத்துச் சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். இளையாள் என்றால் இளையவள். இளையவள் என்றால் மூத்தவர்கள் இருக்கவேண்டும். இருந்தவர்கள் யாரென்று படம் சொல்வதில்லை. தமிழ் தெரியாத பார்வையாளருக்கு அது வெறும் ஓசை. எங்களுக்கு அந்தப் பெயர் ஒவ்வொரு தரம் ஒலிக்கும்போதும் ஒரு பெரிய குடும்பம் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும்.

இருட்டிலிருந்து தீபன் பரிஸ் நகருக்குள் வருகிற இடம் பலருக்கு நினைவிருக்கும். முதலில் மினுங்கி மினுங்கி வரும் வெளிச்சப் புள்ளிகள். என்னவென்று தெரியாது. கிட்ட வந்தபிறகுதான், தலையில் மாட்டுகிற விளையாட்டுப் பட்டி என்று தெரிகிறது. அதை அணிந்துகொண்டு ஒரு மனிதன் தெருவில் உல்லாசப் பயணிகளுக்கு மினுங்கு சாமான் விற்கிறான். இயக்கத்தில் துவக்கோடு நின்றவன். மனைவியையும் பிள்ளைகளையும் போரில் பறிகொடுத்தவன். அவன் கையில் இருக்கிற சாமான் எல்லாம் யாருடையவோ பிள்ளைகள் கேட்டு அழுகிற சாமான். படம் இதைச் சுட்டிக்காட்டவே இல்லை. அந்த மனிதனை நடந்து வரவிட்டு, நாங்களாகப் பார்க்கும் வரை பொறுத்துக்கொள்கிறது.

தீபனாக நடித்தவர் ஷோபாசக்தி. அல்லைப்பிட்டியில் பிறந்து, இளவயதில் இயக்கத்தில் இருந்து விலகி, 1993இல் பிரான்சுக்கு வந்து சேர்ந்தவர். 'கொரில்லா', 'ம்' நாவல்களை எழுதியவர். அவர் முகத்தில் நடிப்பு என்று தனியாக எடுத்துக் காட்ட ஒன்றும் இல்லை. அந்த மனிதர் தேங்கி நிற்கிறார், அவ்வளவுதான். சிரிப்பு வரவேண்டிய இடத்தில் அது பாதி வழியில் நின்றுவிடுகிறது. யாழினியாக வந்த காளீஸ்வரி சீனிவாசன் சென்னை நாடக மேடையிலிருந்து வந்தவர். கோபத்தையும் ஆசையையும் ஒரே கண்ணில் வைத்திருக்கத் தெரிந்தவர். இளையாளாக வந்த குளோதின் வினாசித்தம்பியைப் பார்த்தால் எனக்கு எங்கள் கார்ஜ் பள்ளிக்கூடத்துப் பின்வாங்கில்தான் நினைவுக்கு வரும்.

ஒன்று சொல்லாமல் போகக்கூடாது. இந்தப் படத்தின் பெரும்பகுதி தமிழில் நடக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் முழுவதும் திரையின் அடியில் ஓடுகிற எழுத்தை வாசித்தபடி பார்த்த படம் இது. எங்களுக்கு வாசிக்கவேண்டிய தேவை இருக்கவில்லை. வாழ்நாளில் பிரெஞ்சுச் செய்தி, பிரெஞ்சுப் படம், பிரெஞ்சுக் கடிதம் எல்லாவற்றின் பின்னாலும் மூச்சு வாங்கி ஓடுகிற என் அப்பா, முதல் தடவையாக ஒரு பிரெஞ்சுப் படத்தில் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு இருந்தார். கண் கீழே இறங்கவில்லை. அப்படிப் பார்ப்பவருக்குத்தான் யாழினி பேசி முடித்தபிறகு உதட்டைக் கடிப்பது தெரியும், இளையாள் பதில் சொல்வதற்கு முன் எச்சில் விழுங்குவது தெரியும். எழுத்தை வாசிப்பவருக்கு அது தப்பிவிடும். ஒதியாருக்குத் தமிழ் தெரியாது. தெரியாத மொழியில் எடுத்த படத்தில் அவர் முகத்தை நம்பியிருக்கிறார். நம்பினது வீண்போகவில்லை.

அகதி விசாரணைக் காட்சியும் இந்த வகைதான். அதிகாரி ஒரு பக்கம், தீபன் ஒரு பக்கம், நடுவில் தமிழ் மொழிபெயர்ப்பாளர். அதிகாரிக்குப் புரியாத தமிழில் மொழிபெயர்ப்பாளருக்கும் தீபனுக்கும் இடையில் வேறொரு விசாரணை நடக்கிறது. அதிகாரியின் காதுக்குப் போவது ஒரு கதை, மேசைக்கு இந்தப் பக்கம் ஓடுவது இன்னொரு கதை. அப்பா அந்த இடத்தில் மெல்ல முன்னுக்கு வந்து இருந்தார். தான் போன விசாரணை பற்றி அவர் எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

மொழி பிள்ளையின் பக்கம் சாய்கிற விதம் இந்தப் படத்தின் நுட்பமான ஓட்டம். இளையாள் புதிதாக வந்த பிள்ளைகளுக்கான வகுப்புக்குப் போகிறாள். கொஞ்ச நாளில் வீட்டில் பிரெஞ்சு தெரிந்தவள் அவள்தான். கடவுச்சீட்டின்படி பெற்றோர் அவர்கள். உலகத்தை விளக்கிச் சொல்வது பிள்ளை. இது நாட்டைவிட்டு வந்த எங்கள் வீடுகள் எல்லாவற்றிலும் நடந்தது. எனக்கு ஒன்பது வயதில், வதிவிட அட்டை அலுவலாக ஒரு அலுவலகத்துக்கு அப்பாவோடு போனேன். கண்ணாடித் துளைக்கு எட்டிப் பிடித்து நின்று, அவர் சொன்னதைப் பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினேன்: மோன் பேர். என்னுடைய அப்பா. வந்து ஒரு வருடமாகியும் நான் அவரை அப்பா என்று கூப்பிட்டிருக்கவில்லை. அம்மாவிடம் அவர் என்றுதான் சொல்வேன். முதல் தரம் அந்தச் சொல் என் வாயில் பிரெஞ்சில்தான் வந்தது, ஓர் அதிகாரிக்குச் சொல்வதற்காக. அப்பாவுக்கு அந்தளவு பிரெஞ்சு விளங்கும். என் தோளில் வைத்திருந்த கையை அவர் எடுக்கவில்லை.

இளையாளின் முத்தம் போலத்தான் அதுவும். ஊருக்குக் காட்டுவதற்காகச் செய்தது.

படத்தில் இவர்கள் வந்து சேர்கிற குடியிருப்புக்கு லே ப்ரே என்று பெயர். புவாசி நகரத்தில் லா குத்ரே என்கிற சித்தேயில் எடுத்தது. தீபன் அங்கே கார்தியனாக, கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவனாக, வேலைக்குச் சேர்கிறான். தபால் பெட்டிகளில் கடிதங்களைப் பிரித்துப் போடுகிறான், படிக்கட்டு கழுவுகிறான், ஓடாத லிப்டைத் திருத்துகிறான். இந்த வேலைகளைக் காட்டும்போது கமரா அவசரப்படுவதில்லை. கை வேலையில் இருக்கிற மனிதனுக்கு ஒரு நிம்மதி வரும், அது தீபனின் முதுகில் தெரிகிறது. யாழினி தலையில் துணி கட்டிக்கொண்டு வெளியே போகிறாள், சுற்றி இருக்கிற பெண்கள் கட்டுகிறார்கள் என்பதற்காக. இளையாள் பள்ளிக்கூட வாசலில் செய்ததைத்தான் யாழினியும் செய்கிறாள்: பார்த்து, அதுபோல ஆகிவிடுவது. தாயும் மகளும் இல்லாத இருவருக்கும் ஒரே குணம் இருப்பதைப் படம் எங்கேயும் உரக்கச் சொல்வதில்லை.

எதிர்க் கட்டடத்தில் போதைமருந்து விற்கிற பெடியள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள். இரவில் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு இவர்கள் யன்னலால் அதைப் பார்க்கிறார்கள். படம் பார்ப்பது மாதிரி இருக்கிறது என்று யாழினி சொல்கிறாள். யன்னல் சதுரம், வெளியே வெளிச்சம், உள்ளே இருட்டு. எனக்கு மிகப் பிடித்த சட்டகம் இது. ஒரு குடும்பம் என்று யாரும் நம்பிவிடக்கூடிய முதல் காட்சியும் இதுதான். அவர்கள் ஒருவரையொருவர் பார்க்கவில்லை, எல்லாரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். அன்று எங்கள் வீட்டிலும் அப்பாவும் நானும் அப்படித்தான் இருந்தோம்.

அப்பா முழுப்படத்திலும் ஒரே ஒரு இடத்தில்தான் சிரித்தார். வேலையிடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் பகிடி விடும்போது சொல் விளங்குகிறது, சிரிப்பு வருகுதில்லை என்று தீபன் யாழினியிடம் குறைப்படுகிறான். அது மொழிப் பிரச்சினை இல்லை, தமிழிலும் உங்களுக்குப் பகிடி வராது என்கிற பொருளில் அவள் ஒரு போடு போடுகிறாள். பொய் மனைவி உண்மை மனைவியாகிற கணம் இது. கணவனின் குறை ஒன்றைக் கண்டுபிடித்து அதை அவனுக்கே சொல்லிக்காட்டுகிற உரிமை வேறு யாருக்கு வரும்? முத்தத்துக்கும் தாலிக்கும் முந்தி வரவேண்டியது அதுதான் என்று படுகிறது.

படத்தின் கடைசிப் பகுதி எனக்கு உவப்பாக இல்லை. தீபன் குடியிருப்பு முற்றத்தில் வெள்ளைக்கோடு போட்டுச் சூடு இல்லாத பகுதி என்று அறிவிக்கும்வரை நான் கூடவே போனேன். வன்னியில் அந்தப் பெயரில் அறிவிக்கப்பட்ட இடங்களில் என்ன நடந்தது என்று தெரிந்தவருக்கு அந்த வெள்ளைக்கோடு நெஞ்சில் கீறும். அதன்பிறகு வருகிற புகையும் சூடும் வேறொரு படத்துக்குரியவை. இவ்வளவு நேரமும் விரலையும் உதட்டையும் நம்பிய படம் கடைசியில் துவக்கை நம்பிவிட்டது. ஆனாலும் இங்கிலாந்துத் தோட்டத்தில் முடிகிற அந்தக் கடைசிக் காட்சியில் தீபனின் தலைமுடியைக் கோதுகிற யாழினியின் கை, துவக்குக்குப் பறிபோன படத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு வருகிறது.

மணிரத்னத்தின் 'கன்னத்தில் முத்தமிட்டால்' 2002 பெப்ரவரியில் வந்தது. அங்கேயும் முத்தம், அங்கேயும் ஒன்பது வயது. பிறந்தநாளன்று தான் வளர்ப்புப் பிள்ளை என்று தெரிந்துகொண்ட அமுதா, பெற்றவளைத் தேடி வளர்த்தவர்களோடு கடல் கடந்து போர் நடக்கிற நாட்டுக்குள் போகிறாள். அந்தப் படத்துக்காகக் கீர்த்தனாவுக்குக் குழந்தை நட்சத்திரத்துக்கான தேசிய விருது கிடைத்தது, தகுதியானதுதான். அமுதாவுக்கு ஒன்றல்ல, இரண்டு அம்மா இருக்கிறார்கள். கோபப்படவும் கேள்வி கேட்கவும் அவளுக்கு இடம் உண்டு. அவள் அடம்பிடிக்கலாம், ஓடிப்போகலாம், தேடி வருவார்கள் என்று தெரியும். இளையாளுக்கு அந்த வசதி இல்லை. அவள் ஓடினால் தேடி வர ஒருவரும் இல்லை. ஓடிப்போகிறவள் யாழினிதான்: இங்கிலாந்தில் இருக்கிற சொந்தத்திடம் போகவேண்டுமென்று, பிள்ளையை விட்டுவிட்டு ரயில் நிலையத்துக்குப் போகிறாள். எங்கள் கார் து நோர் நிலையத்தில் லண்டன் ரயில் மேலே நிற்கும், கார்ஜுக்கு வருகிற ஆர்.இ.ஆர். டி கீழே நிற்கும். நான் வேலை முடிந்து படியிறங்கும்போது சில நாட்களில் யாழினியை நினைப்பேன். ஒரு மாடி மேலே போயிருந்தால் அவள் தனியாள். கீழே இறங்கினால் ஒரு பிள்ளைக்குத் தாய்.

ஆகவே இரண்டு படத்திலும் பிள்ளையின் குரல் வேறு வேறு. அமுதா கேள்வி கேட்கிறாள், இளையாள் வழி சொல்லிக்கொடுக்கிறாள். 'தீபன்' படத்தின் மணிக்கல்லாக நான் வைத்திருக்கிற காட்சி இந்த வழி சொல்கிற காட்சிதான். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகள் விளையாட்டில் சேர்க்கவில்லை என்று இளையாள் ஒருத்தியை அடித்துவிடுகிறாள். வீட்டில் யாழினிக்குக் கோபம். பிள்ளை வளர்க்க அவளுக்குத் தெரியாது, தெரியவேண்டும் என்று ஆசையும் இல்லை. பிறகு ஒரு அமைதியான நேரத்தில் இளையாள் அவளிடம் கேட்கிறாள்: உங்களுக்குத் தம்பி தங்கை இருந்தார்களா? இருந்தார்கள். அவர்களோடு எப்படி இருந்தீர்கள்? யாழினி ஏதோ சொல்கிறாள். அப்படியென்றால் என்னோடும் அதுபோல இருங்கள் என்று பிள்ளை முடிக்கிறாள்.

அம்மாவாக இரு என்று அவள் கேட்கவில்லை. அது இந்தப் பெண்ணால் முடியாது என்று ஒன்பது வயதில் அவளுக்குத் தெரிந்திருக்கிறது. முடியக்கூடிய ஒன்றைத் தேடி எடுத்து, ஊரில் விட்டுவந்த தம்பி தங்கையின் இடத்தை மட்டும் கேட்கிறாள். இதில் கண்ணீர் இல்லை, கட்டிப்பிடிப்பு இல்லை, பின்னணி இசை வந்து எங்கள் தோளைத் தட்டவும் இல்லை. கடைக்குப் போகிற ஒருவரிடம் கால் கிலோ வெங்காயமும் வாங்கி வாருங்கள் என்று சொல்கிற குரலில் அவள் தனக்கொரு தாயைக் கேட்டு வாங்குகிறாள். வேறு எந்த இயக்குநர் எடுத்திருந்தாலும் இந்த இடத்தில் அழவைத்திருப்பார். இங்கே யாழினிக்கு அழ நேரம் கொடுக்கப்படவில்லை. யோசிக்க மட்டும் கொடுக்கப்பட்டது. அவள் முகத்தில் வருகிற மாற்றம் ஒரு மயிரிழை. அந்த மயிரிழையில்தான் மிச்சப் படம் தொங்குகிறது.

படம் முடிந்து, பெயர்கள் ஓடின. அம்மா குசினியில் புட்டு அவித்துக்கொண்டிருந்தா. நான் எழும்பி விளக்கைப் போடப் போனேன். அப்பா அசையவில்லை.

"அந்தப் பிள்ளை ராவிலை தாயோடை கதைக்கிற இடம் ஒண்டு வந்ததெல்லோ," என்றார். "அது எனக்கு வடிவாக் கேக்கேல்லை. இன்னொருக்காப் போடுவியோ?"

அது தமிழில்தான் இருந்தது. சத்தமும் குறைவில்லை. அவர் காதும் நல்ல காது.

"போடுறன் அப்பா," என்று ரிமோட்டை எடுத்துப் பின்னுக்கு ஓடவிட்டேன். அந்த இடம் வந்ததும் நிறுத்தி, விளக்கைப் போடாமல் வந்து அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். அன்றைக்கு அதை மூன்று தரம் பார்த்தோம்.